வீட்டுக்காரி எடோவில்!

கே: ஜப்பானில் ஷோகன் எனும் ராணுவ ஆட்சியாளர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் சிற்றரசர்களை எப்படி அடக்கி வைத்திருந்தார்கள்? படைபலத்தாலா?

ப: படையைவிடப் பயணச் செலவால்! 1635இல் ஷோகன் டோக்குகாவா இயெமிட்சு போட்ட சட்டப்படி, 'டைம்யோ' எனும் சிற்றரசர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷம் சொந்த ஊரிலும் மறு வருஷம் எடோவிலும் (இன்றைய டோக்கியோ) குடியிருக்க வேண்டும். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே. மாளிகை வாசம்தான், ஆனால் பிணைக்கைதிகள்!

ராஜா தனியாகக் கிளம்ப முடியுமா? காகா நாட்டு மாயேதா வம்சத்தார் புறப்பட்டால் 2,000 பேருக்கு மேல் ஊர்வலம். அவர்கள் ஊரான கனசாவாவிலிருந்து எடோ போய்ச் சேர 12, 13 நாள். வழியெல்லாம் சத்திரச் செலவு. ஆளைக் குறைத்தால் மானம் போகும். குறைக்காவிட்டால் கஜானா போகும். பிறகு கலகத்துக்குக் காசு ஏது?

எடோவுக்குப் போகும் சாலையிலிருந்த ஹகோனே சோதனைச்சாவடியில் முக்கியக் கண் எடோவை விட்டு வெளியேறும் பெண்கள்மேல்தான். கொண்டையை அவிழ்த்துப் பரிசோதிக்கவே பெண் ஊழியர்கள் இருந்தார்கள். டைம்யோ வீட்டம்மா வேஷம் மாற்றி நழுவிவிட்டால்?

இது போக, கல்யாணத்துக்கும் ஷோகன் அனுமதி, கோட்டையைப் பழுதுபார்க்கவும் அனுமதி. 1862இல் பயண விதியைத் தளர்த்தி, மனைவிமாரை ஊருக்கு அனுப்பினார்கள். ஐந்தே வருஷத்தில் ஷோகனே பதவியை விட்டு இறங்கினார்.