எத்தனை ஏக்கர்ணே?

போடிநாயக்கனூரில் முதன்முதலாகக் கொல்லையில் காய்கறி போடுகிறவருக்கு மாவுப்பூச்சி பெரிய எதிரி அல்ல; ஊரின் பெருமைதான் எதிரி. ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் இது. துணி காயும் கொடிக்குக் கீழே நாலு வெண்டைச்செடி வைத்திருப்பவர், “நம்ம பக்கம் இந்த வருசம் மழை பத்தல” என்று டீக்கடையில் வாய் திறந்தால் போதும், “எத்தனை ஏக்கர்ணே?” என்று பெஞ்சே திரும்பிக் கேட்கும்.

இந்தக் கேள்வியின் சூடு தாங்காமல்தான் கொல்லையில் ரெண்டு ஏலச்செடி முளைக்கிறது. ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், குளிர் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டராவது ஏறியிருக்க வேண்டும். அத்தனையும் கிடைத்தாலும் காய் பார்க்க மூன்றாம் வருசம் ஆகும். போடியோ மலையின் மழை மறைவில், அடிவாரத்தில் கிடக்கிறது. சித்திரை வெயிலில் செடி சருகாகிறது. பக்கத்தில் ஒரே மாதத்தில் பறிக்கத் தயாராகும் தண்டுக்கீரையை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. கீரைக்கு ஏது அந்தஸ்து?

கடைசியில் காப்பாற்றுவது வெண்டைதான். முதல் அறுவடை, மூன்று காய். ஏலக்காயைச் சலித்து 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று தரம் பிரிக்கிற ஊர்க்காரர் சும்மா இருப்பாரா? நீளவாரியாக அடுக்கி வைக்கிறார். ஏலத்துக்கு வந்த ஒரே வியாபாரி வீட்டம்மா: “சாம்பாருக்குப் பத்தாது. பையை எடுத்துக்கிட்டுச் சந்தைக்குப் போங்க.”