பனம்பாரனார் வைத்த பேனர்

கறுப்புத் திரையில் ஜிடிபி (gdb) என்ற பிழைதிருத்தியின் பேரைத் தட்டி எண்டரை அழுத்தினால், வேலையில் இறங்குமுன் அது ஒரு பாட்டம் பேசித் தீர்க்கும். பதிப்பு எண் இது, காப்புரிமை இன்னாருக்கு, கட்டற்ற மென்பொருள், மாற்றிக்கொள், பங்கிட்டுக்கொள், உத்தரவாதம் மட்டும் கேட்காதே. 1991-இல் வந்த ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு இதை விதியாகவே வைத்திருக்கிறது. அதை எழுதிய ஸ்டால்மன் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று அமெரிக்காவில் நினைத்திருப்பார்கள். நம்மூரில் அதற்குப் பேர் பாயிரம்.

நன்னூலில் பட்டியலே உண்டு. எழுதியவர் பேர், வழி (யாருடைய நூலிலிருந்து கிளை பிரித்தாய்?), எல்லை (எங்கெல்லாம் ஓடும்?), நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று 8. காலம், களன், காரணம் சேர்த்து 11 என்பாரும் உண்டு. இதில் எனக்குப் பிடித்த விதி வேறு: தன் நூலுக்குத் தானே சிறப்புப் பாயிரம் எழுதக் கூடாது. ஆசிரியரோ கூடப் படித்தவரோ மாணாக்கரோ உரைகாரரோ எழுத வேண்டும். ஃபிளெக்ஸ் பேனரில் தன் படத்தைத் தானே போட்டுக்கொள்ளும் அண்ணன்மார் நன்னூல் படித்ததில்லை.

அளவும் முக்கியம். எங்கள் பேரை விளம்பரத்தில் போடு என்று பெர்க்லி பல்கலைக்கழகம் பிஎஸ்டி உரிமத்தில் ஒரு வரி வைத்தது. வந்தவர் போனவரெல்லாம் அதே வரியில் தத்தம் பேரைச் செருகினார்கள். நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் 1997 பதிப்பு ஒன்றில் ஸ்டால்மன் எண்ணிப் பார்த்தபோது 75 நன்றியறிவிப்புகள். தாய்மாமன் முதல் ஒன்றுவிட்ட சித்தப்பா வரை அச்சடித்த கல்யாணப் பத்திரிகை! 1999-இல் பெர்க்லியே அந்த வரியைத் தூக்கிவிட்டது.

தொல்காப்பியருக்குப் பாயிரம் எழுதியவர், உடன் படித்த பனம்பாரனார். 15 அடியில் கச்சிதமாக முடித்தார். வடக்கே வேங்கடம், தெற்கே குமரி, இடையில் நிரல் ஓடும். இன்று கர்நாடகத்தில் இருக்கும் கோபிநத்தமும் அந்த எல்லைக்குள்தான். அப்போது அந்த ஊர் இருந்த கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1-இல் மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997-இல் மைசூர் மாவட்டமும் பிரிந்து, சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. வீட்டுக்குள் பேசும் தமிழ் எங்கும் போகவில்லை; பனம்பாரனார் கணக்கில் சப்போர்ட் இன்னும் உண்டு. அந்த ஊர் என்றதும் எல்லாருக்கும் வீரப்பனின் பெரிய மீசைதான் ஞாபகம் வருகிறது. அங்கே மாரியம்மன் கோயில் கட்டித் தந்து, 1991-இல் அந்த மீசைக்கே பலியான வன அதிகாரி சீனிவாஸ் பேரை வெளியூரில் சொல்வோர் குறைவு.

பேர் விடுபடும் கதைக்குத் தொல்காப்பிய உரைகாரர் நச்சினார்க்கினியரிடம் போகலாம். உரை நடுவில் வம்பளப்பதில் மன்னர் அவர். அகத்தியர் தம் மனைவி உலோபாமுத்திரையை அழைத்துவர மாணவர் தொல்காப்பியரை அனுப்பினாராம். இருவருக்கும் நடுவில் நாலு கோல் தூரம் இருக்க வேண்டும், அது கட்டளை. வையையில் வெள்ளம், அம்மாவை அடித்துப்போகிறது. கோலை அளந்துகொண்டா நிற்பார்? ஒரு மூங்கிலை ஒடித்து நீட்டி இழுத்துக் கரை சேர்த்தார். குருவோ, உயிர் பிழைத்ததை விட்டுவிட்டுத் தூரத்தைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் சொர்க்கம் கிடையாது என்று சாபம். தப்பே செய்யாத எங்களைச் சபித்த உமக்கும் கிடையாது என்று அவர்கள் திருப்பிச் சபித்தார்கள்.

ஆத்திரம் ஆறாத அகத்தியர், அவன் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவைத்தார். பாண்டியன் அவைக்கு ரிவ்யூவர் அவர்தான். தொல்காப்பியர் விடாமல் கேட்கச் சொல்ல, குருவையும் பகைக்காமல் இவரையும் விரட்டாமல் ஆசான் ஒரு வழி கண்டார்: கேட்கிறேன், ஆனால் வரிக்கு வரி குற்றம் சொல்வேன். சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் நூல் வெளியானது.

குற்றம் சொன்ன ஆசான் பேர் பாயிரத்தில் இருக்கிறது. அவை கூட்டிய பாண்டியன் இருக்கிறான். ஐந்திரம் என்ற நூலுக்கும் இடம் உண்டு. 15 அடியையும் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் எனத் தேடிவிட்டேன், அகத்தியர் இல்லை.