கூடிப் படிக்கப் போற டொக்டர் தம்பிக்கு

வாடா பேராண்டி, இப்படி வந்து குந்து. ஒரு பட்டம் வாங்கி முடிச்சிட்டு, வெளிநாட்டுக்குப் போயி டொக்டருக்கும் படிக்கப் போறியாம். நல்ல காரியம். ஆனா அங்க லெக்சரர் பாடம் நடத்த மாட்டாரு, எட்டுப் பேரு வட்டமா உக்காந்து நாங்களே படிச்சிக்குவோம்னு பீத்திக்கிட்டுத் திரியிறியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது.

புதுசுன்னா நெனச்ச? கனடாவுல மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969ல இருவது பிள்ளைகள வச்சி இதத் தொடங்கிருச்சு. ஒங்கப்பன் அப்ப பொறக்கவே இல்ல. ஒரு நோயாளியோட கதையக் கையில குடுப்பாங்க. காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குது. ஏன், எதனாலன்னு பிள்ளைகளே தேடணும். பெறகு நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட்காரங்க இதுக்கு ஏழு படி போட்டாங்க. வெளங்காத சொல்லக் கேளு. சிக்கல் என்னான்னு சொல்லு. தெரிஞ்சதக் கொட்டு. கொட்டினத அடுக்கு. தெரியாதது எதுன்னு எழுது. தனியாப் போயிப் படி. திரும்பி வந்து சொல்லு. இம்புட்டுதான். ஒன்ன மாதிரிப் பட்டதாரிகளச் சேர்த்து டொக்டராக்குற வழிய அவுஸ்திரேலியாவுல பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996லயும், லண்டன்ல சென் ஜோர்ஜஸ் மருத்துவக் கல்லூரி 2000லயும் தொறந்து வச்சாங்க.

அட, அம்புட்டுத் தூரம் ஏன் போவணும்? நம்ம கம்பஸ் பிள்ளைகளக் கேளு. சோதின கிட்ட வந்தா ஹொஸ்டல்ல குப்பி வைப்பாங்களே! சீனியர் அக்கா ஒருத்தி குந்திக்கிட்டு விடிய விடியச் சொல்லிக் குடுப்பா. சுத்தியிருக்குறவங்க கூச்சமில்லாமக் கேப்பாங்க. அதுக்குத் தலைவர் உண்டா? கலர் கலரா ஒட்டுற காகிதம் உண்டா? ஒரு வெறுந்தேத்தண்ணி உண்டு, அம்புட்டுதான்.

ஒங்க வட்டத்துக்கோ ஒரு தலைவர், எழுதுறதுக்கு ஒருத்தர், மணி பாக்க ஒருத்தர். மேல ஒரு டியூட்டர். அவரு, இங்க சீகிரியாக் குன்றுல குளவிக்குப் பயந்து வாய மூடிக்கிட்டு ஏறுற சுற்றுலாக்காரர் மாதிரி, மூச்சு விடாம உக்காந்திருப்பாரு. சும்மா இருக்கவா சம்பளம்னு கேக்காத. நீங்க வழி தப்புற நேரம் பாத்து ஒரு கேள்வி போடுறதுதான் அவரு வேல. விடையச் சொல்றவன விட, கேள்வியோட நிறுத்திக்கிறவனுக்குப் பொறுமை கூட வேணும்.

டியூட்டரக் கூடச் சமாளிச்சிக்கலாம். வட்டத்துல குந்துற பட்டதாரிகளப் பத்தித்தான் எனக்குக் கவல. பௌதிகம் படிச்ச ஒருத்தன் ரத்த அழுத்தம்னதும் அரை மணி நேரம் குழாய்க் கணக்கு போடுவான். பக்கத்துல, பத்து வருசம் வாட்ல நர்ஸா நின்ன பிள்ள பேசாம இருப்பா. நோயாளியத் தொட்டுப் பாத்தவ அவ ஒருத்திதான்! நீ என்னா செய்வ? வெளங்கின மாதிரித் தலையாட்டுவ. ஏ.எல். முடிச்சு வர்ற சின்னப் பையனுக்கு "எனக்கு வெளங்கல"ன்னு சொல்ல வாய் வரும். சுவத்துல பட்டம் தொங்குதே, ஒனக்கு வருமா? எட்டுப் பேரும் தலையாட்டினா, எட்டு மடையன் ஒன்னாக் குந்தியிருந்ததுதான் மிச்சம்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. ஒனக்கு இருதயம், எனக்கு ஈரல், அவளுக்குச் சிறுநீரகம்னு பங்கு போட்டுக்கிறது. அவனவன் தன் துண்ட மட்டும் படிச்சிட்டு வந்து படம் போட்டுக் காட்டுவான். மத்தவன் போனத் தடவிக்கிட்டு இருப்பான். கேட்டா, கூட்டுக் கல்வியாம்! அது கல்வியா, காணிப் பாகமா?

கூடிப் படிச்சா மண்டையில நிக்கும்டா, அத நான் மறுக்கல. ஆனா யாருக்கு நிக்கும்? வாயத் தொறந்து சொல்லிக் குடுத்தவனுக்கு. அதனால கெட்டிக்காரனயே பேச விடாதீங்க. தடுமாறுறவன எழுப்பிச் சொல்ல வைங்க. அவன் தடுக்கி விழுற எடத்துலதான் மத்தவங்களுக்கும் பள்ளம் இருக்கு. பாடம் வெளங்கிச்சான்னு பாக்கணும்னா ஒங்க ஆத்தாகிட்டத் தமிழ்ல சொல்லிப் பாரு. மானிப்பாயில சாமுவேல் கிரீன்னு அமெரிக்க டொக்டர் ஒருத்தர் அந்தக் காலத்துலயே தமிழ்ல மருத்துவம் படிச்சுக் குடுத்தாரு, புத்தகமும் தமிழ்ல ஆக்குனாரு. நோவு வந்த சனத்துக்கு அது பேசுற பேச்சுலதானே சொல்லியாகணும்?

போ, வட்டத்துல குந்து. குந்துறதுக்கு முந்தி முழுசாப் படிச்சிட்டுப் போ. வெளங்காதத மொத ஆளாக் கேளு. பங்கு போட்டாலும் மத்தவன் பங்கையும் படி. நாளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ல ஒரு கெழவி மூச்சு முட்டிக் கெடப்பா. நீ ஒத்தையா நிப்ப. அப்ப என்னா சொல்லுவ? "நுரையீரல் எங்க குழுவுல மத்தவன் பங்கு, அவன் வரட்டும்"னா?