முதலாளி எங்கே?

1986இல் கேரளத்தில் வடகரா பக்கம் ஒரு ரோடு வேலைக்கு சூப்பர்வைசராகப் போனேன். சிவில் டிப்ளமோ, சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் எம்.புக் என்கிற அளவுப் புத்தகம். என் கான்ட்ராக்டரிடம் ஒரு அம்பாசிடர் கார் இருந்தது. அதற்கும் தவணை பாக்கி என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து ரீச்சில் ஊராளுங்கல் கூலித் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள். தார் காய்ச்சிக்கொண்டிருந்த பெரியவரிடம், "உங்க முதலாளி எங்கே?" என்றேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. திருப்பிக் கேட்டதும், "முதலாளி இல்லா. டைரக்டர் மதியோ?" (டைரக்டர் போதுமா?) என்று கை காட்டினார். அங்கே கைலியை மடித்துக் கட்டிய ஒருவர், லாரியிலிருந்து ஜல்லி இறக்கிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி லாட்ஜில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "எல்லாம் பேருக்குத்தான். பின்னாடி யாராவது பெரிய முதலாளி இருப்பான்" என்று தீர்ப்பும் சொன்னேன்.

பின்னாடி இருந்தது 1925. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. வாக்படானந்தர் சாதியையும் விக்கிரக வழிபாட்டையும் எதிர்த்து ஆத்ம வித்யா சங்கம் நடத்தி வந்தார். அவர் பேச்சைக் கேட்டவர்களுக்கு நிலக்காரர்கள் வேலை கொடுக்க மறுத்தார்கள். அப்படி வேலை போன கூலிகள் 14 பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்தச் சங்கம். மூலதனம் 37 பைசா என்கிறார்கள். அணா காலத்தில் 37 பைசா எங்கிருந்து வந்தது என்று எனக்குள் இருக்கும் பில் கிளார்க் இடித்தான். ஆறணா என்று திருத்திக்கொண்டேன். பெயர் மட்டும் மூலதனத்தைவிடப் பெரிது: ஊராளுங்கல் கூலிவேலைக்காருடெ பரஸ்பர சகாய சககரண சங்கம்.

உறுப்பினர்கள் எல்லோரும் வேலை செய்கிறவர்களே. டைரக்டர்களையும் அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். சைட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு சைட் லீடர் என்று பெயர். இன்று எவ்வளவு முடிந்தது, நாளைக்கு எத்தனை லோடு, எத்தனை ஆள் என்று சங்க ஆபீசில் தினமும் கணக்கு ஒப்பிக்க வேண்டும். எங்கள் பக்கம் முதலாளியைச் சம்பளத் தேதியன்று மட்டும் தேடுவோம். அன்றைக்குத்தான் அவர் ஊரில் இருக்க மாட்டார்.

ஒரு ரன்னிங் பில் பாஸான மறுநாள் அவர் ஒரேயடியாகப் போய்விட்டார். எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. ரோலர் வாடகைக்காரன் என் கையிலிருந்த எச்.எம்.டி. வாட்சைக் கழற்றிக்கொண்டான். ஊருக்கு பஸ் காசு கொடுத்தது அந்தத் தார் பெரியவர்தான். வாங்கிக்கொண்டு, கூலிக்காரனிடம் கை நீட்டும்படி ஆகிவிட்டதே என்று கோயம்புத்தூர் வரும் வரை வருத்தப்பட்டேன்.

பல வருஷம் கழித்து, கொச்சியில் பாலாரிவட்டம் மேம்பாலத்தை 2016இல் திறந்து 2019இல் மூடினார்கள். டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் மேற்பார்வையில் அதைப் பிரித்துக் கட்டி, ஆறு மாதத்துக்குள் முடித்துக் கொடுத்தது இந்தச் சங்கம். கோழிக்கோடு பைபாசில் தொண்டயாடு, ராமநாட்டுகரை மேம்பாலங்களை மதிப்பீட்டைவிடக் குறைந்த செலவில் முடித்தது. எக்ஸ்ட்ரா ஐட்டம் எழுதி பில்லை ஊதுவதையே தொழில் நுணுக்கமாகப் படித்தவன் நான். இந்தச் செய்தியைப் பேப்பரில் இரண்டு தரம் படித்தேன். காசர்கோடு மாவட்டத்தில் தலப்பாடியிலிருந்து செங்களை வரை 39 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலையையும், பெரிய கம்பெனிகளோடு டெண்டரில் மோதி எடுத்தார்கள்.

போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது சைட்டில் மலையாளத்தைவிட இந்தியும் வங்காளமும்தான் அதிகம் காதில் விழுந்தன. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்போது உறுப்பினர்கள் இல்லை. கைலி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லோரும் ஹெல்மெட்டில் இருந்தார்கள். அதில் டைரக்டர் யார் என்று இந்தத் தடவை நான் விசாரிக்கவில்லை.

என் மகன் கோழிக்கோட்டில் யு.எல். சைபர்பார்க்கில் வேலை பார்க்கிறான். 2016இல் திறந்த கண்ணாடிக் கட்டடம். கட்டியதும் அந்தச் சங்கம்தான், சொந்தக்காரரும் சங்கம்தான். அவன் கம்பெனி மாதா மாதம் அதற்கு வாடகை கட்டுகிறது. கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்தவனிடம், தார் டிரம், ஆறணா, பஸ் காசு என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

போனிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுவிட்டு, "லேபர் சொசைட்டியா? எல்லாம் பேருக்கு இருக்கும்பா. பின்னாடி யாராவது பெரிய முதலாளி இருப்பான்" என்றான்.

காபி ஆறுகிறது, குடி என்றேன்.