குளிசையை விட்ட வீரனுக்கு ஓங்காளமாம்

வாரும் மருமோன், திண்ணையில இரும். சத்தி வாற மாதிரி இருந்தால் வேலிப்பக்கம் திரும்பி இரும். உம்மட மாமி இப்பதான் முத்தம் கூட்டினவ. போன மாசம் இதே படலையில நிண்டு என்ன சொன்னீர்? "மாமா, அந்த ஒமெப்ரசோலுக்கு இண்டையோட முழுக்கு" எண்டீர். மிச்சக் குளிசையை டச் பே கடலுக்குள்ள வீசினதாயும் கேள்வி. அந்தப் பக்கத்து மீனுக்கெல்லாம் இப்ப நெஞ்செரிவு சுகமாம். உமக்குத்தான் விடிய எழும்பினால் ஓங்காளம், பாணைக் கண்டால் ஓங்காளம், கடைக் கதவைத் திறக்கப் போனால் பெரிய ஓங்காளம்.

திருமலைக்காரன் பிரட்டலுக்குப் பயப்பிடக் கூடாது ஐசே. நெல்சன் எண்ட வெள்ளைக்காரத் தளபதி 1770களில சின்னப் பொடியனா சீஹோர்ஸ் எண்ட கப்பலில இந்துமாகடல் பக்கம் வந்து திரிஞ்சவர். சாகுமட்டும் அவருக்குக் கடல் ஒத்துவரேல்லை. காத்துப் பலமா அடிச்சால் தனக்கு ஏலாமல் போகுது எண்டு அவரே கடிதம் எழுதினவர். அந்த வயித்தோடதான் 1805 இல ட்ரபால்கர் சண்டையை நடத்தினார். உமக்கு ஒரு கடைக் கதவைத் தூக்க ஏலாமல் கிடக்கு.

சரி, பகிடியை விடுவம். இந்த மருந்தை உமக்கு எத்தினை நாளைக்கு எழுதினவை? நெஞ்செரிவுக்கெண்டால் வழமையா நாலு தொடக்கம் எட்டுக் கிழமை. நீர் அதைக் கலியாணத்துக்கு முதல் தொடங்கினனீர். இப்ப மூத்தவள் பள்ளிக்கூடம் போறாள். அதுவும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முதல் போட வேண்டியதை, கொத்து ரொட்டி தின்டு ஏப்பம் விட்டாப் பிறகு போட்டனீர். கிளினிக்கில தந்த ஒமெப்ரசோல் ஒரு பக்கம், பாமசியில வாங்கின ஈசோமெப்ரசோல் மற்றப் பக்கம். ரெண்டும் ஒரு தாய்ப் பிள்ளையள் எண்டு தெரியாமல் ரெண்டையும் சேர்த்து விழுங்கினீர். மருந்தை அதின்ர சொந்தப் பேரில அறிய வேணும் எண்டுதான் சேனக பிபிலே எண்ட மனிசன் இந்த நாட்டில பாடுபட்டவர். 1971 இல அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்ததும் அந்தாளின்ர முயற்சியாலதான். நீர் பெட்டியின்ர நிறத்தைப் பார்த்து மருந்து வாங்கிறீர்.

இப்ப ஏன் வயிறு குழம்புது எண்டு சொல்லுறன், கேளும். இரைப்பைச் சுவரில அமிலம் சுரக்கிற பம்புகள் எண்ணிக்கையில்லாமல் கிடக்கு. புரோட்டோன் பம்ப் எண்டு டாக்குத்தர்மார் சொல்லுவினம். ஒமெப்ரசோல் போய் அந்தப் பம்புகளைப் பூட்டும். துறைமுகத்தில ஜெட்டிக் கேற்றைப் பூட்டினால் என்ன நடக்கும்? கங்காணிக்குப் பூட்டின விசயம் தெரியாது. சாமான் இறங்கேல்லை, ஆள் காணாது போல கிடக்கு எண்டு நினைச்சு, நாளுக்கு நாள் கூலியாக்களைக் கொண்டுவந்து வாசலில குவிப்பார். உம்மட வயித்துக் கங்காணிக்குப் பேர் கஸ்ட்ரின். வருசக்கணக்கா ஆள் சேர்த்துக்கொண்டு நிண்டவர். நீர் ஒரு விடியக்காலமை வீராப்பாக் கேற்றை முழுசாத் திறந்து விட்டீர். நிண்ட கூட்டமெல்லாம் ஒரேயடியா உள்ள பாய்ஞ்சு வேலை செய்தால், அமிலம் பழைய அளவையும் தாண்டித்தான் சுரக்கும். பூட்டு நாலைஞ்சு நாளில கழண்டுபோம். கங்காணி சேர்த்த கூட்டம் கலையக் கிழமைக்கணக்கு எடுக்கும். சில பேருக்கு ரெண்டு மாசமும் இழுக்கும்.

மாமா புழுகிறார் எண்டு நினைக்காதேயும். 2009 இல டென்மார்க்கில வயித்து வருத்தமே இல்லாத 120 பேரைப் பிடிச்சு ஒரு சோதனை செய்தவை. ஒரு பாதிக்கு எட்டுக் கிழமை ஈசோமெப்ரசோல் 40 மில்லிகிராம், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நாலு கிழமை வெறும் மாக்குளிசை. மற்றப் பாதிக்குப் பன்னிரண்டு கிழமையும் மாக்குளிசைதான். கடைசி நாலு கிழமைக்குள்ள, மருந்து எடுத்து விட்டவையில 100க்கு 44 பேருக்கு நெஞ்செரிவு, புளிச்சல், அசமியம் எண்டு ஏதோ ஒண்டு வந்திட்டுது. மற்றப் பக்கத்தில 100க்கு 15 பேருக்கு மட்டும்தான். யோசிச்சுப் பாரும், வருத்தம் இல்லாதவனுக்கே மருந்து போகேக்க ஒரு வருத்தத்தை வைச்சிட்டுப் போகுது. அதால, விட்டவுடன எரியுது எண்டது உமக்கு ஆயுளுக்கும் அந்தக் குளிசை வேணும் எண்டதுக்குச் சாட்சி இல்லை. அந்த எரிவுக்குப் பயந்து திரும்பவும் போட்டு, திரும்பவும் விட்டு, திரும்பவும் எரிஞ்சு, அப்பிடியே கிழவனான ஆக்கள் இந்த ஊரில கனபேர்.

உம்மட வைத்தியத்தையும் கேள்விப்பட்டன். உடம்புச் சூடு எண்டு கன்னியாவுக்குப் போய் ஏழு கிணத்து வெந்நீரையும் தலையில ஊத்தினீராம். தாயின்ர கிரியைக்கெண்டு ராவணன் உண்டாக்கின கிணறுகள் எண்டு கதை. உம்மட புளிச்ச ஏப்பத்துக்கெண்டு எட்டாவது ஒண்டை அவன் வெட்டேல்லை.

செய்யிறதெண்டால் இப்பிடிச் செய்யும். முதல் டாக்குத்தரிட்டப் போய், விட்டிட்டன், இப்பிடிக் கிடக்கு எண்டு சொல்லும். ஒரேயடியா விடுறதும் சரி, படிப்படியா விடுறதும் சரி எண்டுதான் 2022 இல அமெரிக்க இரைப்பை குடல் வைத்தியர் சங்கம் சொன்னது. ஆனா விட்டால் கொஞ்ச நாளைக்கு எரியும் எண்டு வருத்தக்காரனுக்கு முதலே சொல்லிப்போட வேணும் எண்டும் சொன்னது. உம்மட கெப்பருக்குப் படிப்படியாத்தான் சரி. 40 எடுத்தவர் 20க்கு இறங்கிறது, பிறகு ஒண்டுவிட்ட ஒரு நாள், பிறகு தேவைப்பட்ட நாளில மட்டும். குறைக்கிறன் எண்டு கூட்டை உடைச்சு உள்ள கிடக்கிற மணியளைச் சப்பித் தின்னாதேயும். சப்பினால் மருந்து வேலை செய்ய முதல் இரைப்பை அமிலம் அதைத் தின்டிடும்.

இடையில எரிஞ்சால் வெள்ளைத் தண்ணி மருந்து கிடக்கு, பமோட்டிடின் கிடக்கு. சிறுநீரக வருத்தம் உள்ளவை டாக்குத்தரிட்டக் கேக்காமல் இதுகளை எடுக்கக் கூடாது. அலுமாரிக்குள்ள பழைய ரனிடிடின் கிடந்தால் அதை எடுக்க வேண்டாம். புற்றுநோய் வரப்பண்ணலாம் எண்டு சந்தேகப்பட்ட ஒரு கலப்பு அதில கிடந்ததால 2020 இல அமெரிக்காவில சந்தையை விட்டே எடுத்தவை.

பிறகு உம்மட ராச்சாப்பாடு. கடை பூட்டிப்போட்டுப் பத்தரைக்கு ரெண்டு முட்டை போட்ட கொத்து, அதுக்கு மேல சோடா, கை காய முதல் பாய். இதை எந்த வயிறு தாங்கும்? படுக்க மூண்டு மணித்தியாலத்துக்கு முதல் சாப்பாட்டை முடியும். கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடும். கஞ்சி, இடியப்பத்தோட உறைப்பில்லாத சொதி, அவிச்ச மீன் எண்டு சில நாளைக்குக் கிடவும். தலைகாணியை அடுக்கினால் கழுத்துத்தான் நோகும். தலைமாட்டுப் பக்கக் கட்டில் காலுக்குக் கீழ அரையடிக் கல்லை வையும், இடப்பக்கம் சரிஞ்சு படும். வெறும் வயித்தில சாயம் கூடின பிளேன்ரீயும் சிகரெட்டும் வேண்டாம். இஞ்சி போட்ட தேத்தண்ணி நல்லது. ஓங்காளத்துக்கு இஞ்சி உதவும் எண்டு ஆராய்ச்சிக்காரரும் ஒத்துக்கொண்டிருக்கினம், உம்மட அம்மம்மா அவையைக் கேக்காமலே தந்தவ.

ஆனா ஒண்டு. எல்லா ஓங்காளத்தையும் குளிசையை விட்ட பாவத்தில போடாதேயும். அமிலம் திரும்பினால் முதல் வாறது நெஞ்செரிவும் புளிச்சலும். பிரட்டல் அதுகளுக்குப் பின்னால வரும். எரிவே இல்லாமல் பிரட்டல் மட்டும் நிண்டு பிடிச்சால் வேற இடத்தில தேட வேணும். சீனி வருத்தத்துக்குப் போடுற மெட்போர்மின், இரும்புச்சத்துக் குளிசை, நோவுக் குளிசை, சிறுநீரகம், ஈரல், கன காலச் சீனி வருத்தத்தால மெத்தனமாப் போன இரைப்பை. பொம்பிளைப் பிள்ளையெண்டால் நான் வேற ஒரு நல்ல செய்தியையும் விசாரிச்சிருப்பன். ஹெலிகோபக்டர் எண்ட கிருமியும் ஒரு காரணம். அதைக் கண்ட பெரி மார்ஷல், அவுஸ்திரேலியாவில பேர்த் நகரத்து டாக்குத்தர், அது வயித்தைக் கெடுக்கும் எண்டதை ஆரும் நம்பேல்லை எண்டு 1984 இல அந்தக் கிருமியையே குடிச்சு, கொஞ்ச நாளில ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தவர். 2005 இல அவருக்கும் ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு குடுத்தவை. உமக்கு ஒரு சான்றிதழும் வராது. ஆனா ஒரு லாபம் கிடக்கு: அந்தக் கிருமிக்கு மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்யிறதெண்டால் இந்தக் குளிசையை ரெண்டு கிழமைக்கு முதலே விட்டிருக்க வேணும். நீர் விட்டிட்டீர். அந்தச் சோதனை வேணுமோ எண்டு இந்தமுறையே கேளும்.

உம்மட புழுகைக் கேட்டு முன்வீட்டுக் கிழவரும் தன்ர குளிசையை எறிய வெளிக்கிட்டார். அவர் இருதயத்துக்கு அஸ்பிரினும் முழங்காலுக்கு டைக்குளோபினாக்கும் போடுற மனிசன். அவருக்கு அந்தக் குளிசைதான் வயித்துக்குக் காவல். முந்தி புண்ணால இரத்தம் கசிஞ்சவை, உணவுக்குழாய் கடுமையாப் புண்பட்டவை, பரெட் எண்ட மாற்றம் கண்டவை, ஒருத்தரும் சும்மா விடக் கூடாது. போனில நீர் பார்க்கிற படத்தில இந்தக் குளிசையால எலும்பு உடையும், மறதி வரும் எண்டெல்லாம் சொல்லுறாங்கள். அதில கனக்க, குளிசையும் வருத்தமும் ஒரே ஆளிட்ட இருந்தது எண்ட அளவிலதான் நிக்குது. குளிசையாலதான் வந்தது எண்டு நிறுவேல்லை. கன காலம் எடுத்தவைக்கு மக்னீசியமும் பி12உம் குறையலாம் எண்டது மட்டும் டாக்குத்தரிட்டக் கேக்க வேண்டிய விசயம்.

விழுங்கேக்க தொண்டைக்குக் கீழ சாப்பாடு அடைச்சால், நிறை சும்மா குறைஞ்சால், சத்தி நிக்காட்டில் கிளினிக் திகதி பார்க்காமல் போம். சத்தியில இரத்தமோ கோப்பிச் சக்கை மாதிரியோ வந்தால், மலம் தார் மாதிரிக் கறுத்தால் அண்டைக்கே பெரியாசுப்பத்திரி. இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதையும் அங்க சொல்லும். நெஞ்சு இறுகி, வேர்த்து, கையும் தாடையும் நொந்து ஓங்காளம் வந்தால் இஞ்சி இடிச்சுக்கொண்டு நிக்காதேயும். 1990க்கு அடியும், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

நாளைக்கே கிளினிக் கொப்பியைக் கொண்டு போம். பாமசியில வாங்கினது, ஆயுள்வேதம், நாட்டு மருந்து, எல்லாத்தின்ர பேரையும் எழுதிக்கொண்டு போம். குளிசையைக் கடலில எறிஞ்ச கதையையும் சொல்லத்தான் வேணும்; மறைச்சால் மருந்து கேக்கேல்லை எண்டு நினைச்சு அவை இன்னும் கூட்டித்தான் எழுதுவினம்.