கழுத்தைப் பார்த்துப் பேசுகிறவர்

விழுப்புரமோ திண்டிவனமோ, உங்கள் தெருவிலும் ஒரு பாசிமணி அக்கா இருப்பார். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைத்தான் பார்ப்பார். "இது அறுந்தா தூக்கிப் போட்டுடாதம்மா, எனக்கு ஒரு குரல் கொடு" என்பார். அறுவதாவது! நேற்றுதான் வாங்கியிருப்போம்.

கடையில் புது மணி வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். மயிலம் பங்குனி உத்திரத்தில் பிள்ளைகளுக்கு வாங்கி மறுநாளே அறுந்த மாலை, சலூன்காரர் கழற்றி எறிந்த மணித்திரை, சம்பந்தி வீட்டு உடைந்த வளையல் தொங்கல் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நிறவாரியாக உட்கார்ந்திருக்கும். ஜி.எஸ்.டி. சாலையோரப் பழைய இரும்புக் கடையில் கார் சீட்டின் மரமணி விரிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, நாலு நாள் விடாமல் போய் நின்றார். "எடைக்கு என்ன விலை பாய்?" கடைக்காரர் கும்பிட்டார்: "சும்மாவே எடுத்துட்டுப் போங்கம்மா. நாளைக்கு மட்டும் வராதீங்க."

கிண்டல் செய்தால் அரிக்கமேட்டைத் துணைக்கு இழுப்பார். புதுச்சேரிக்குப் பக்கத்தில், கண்ணாடி மணி செய்து கப்பலேற்றிய பழைய துறைமுகம். 1937-இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே பிள்ளைகள் பொறுக்கிய மணிக்கற்களை விலைக்கு வாங்கினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். ரோமானிய வாணிபம் வெளியே வந்தது. "அவங்க பொறுக்கினா ஆராய்ச்சி, நான் பொறுக்கினா கிறுக்கா?" நமக்குப் பதில் வராது.

பொறுக்கிய மணியெல்லாம் போய்ச் சேருவது அவர் தோட்டத்துக்குத்தான். தோட்டம் என்பது மாடிப்படியோரம் இருக்கும் சில தொட்டிகள். செம்பருத்தியில் பூ ஒன்றிரண்டுதான். மணியில் கோத்த தட்டான்பூச்சிகளுக்குக் குறைவில்லை. அவர் தட்டான் செய்வதைக் கிட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய செம்புக் கம்பியை மடித்து, கண்ணுக்கு இரண்டு கறுப்பு மணி. உடம்புக்குப் பெரிய மணியிலிருந்து சின்ன மணிவரை. ஒவ்வொன்றிலும் கம்பியின் இரு முனைகளும் எதிரெதிரே நுழைந்து வெளிவர வேண்டும். இழுத்தால் மணி பூட்டிக்கொள்ளும். இறக்கைக்கு வெயில் ஊடுருவும் கண்ணாடி மணி. அப்போது நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். அடுப்பில் பால் பொங்கினால் வீட்டுக்காரர்தான் ஓட வேண்டும்.

ஆரம்பத்தில் நைலான் நரம்பில்தான் கோத்தார். ஒரே சித்திரை வெயிலில் நரம்பு மொறமொறவென்றாகி, சரம் மொத்தமும் கொட்டி, வாசலில் வீட்டுக்காரர் சறுக்கிய சறுக்கலைத் தெருவே பார்த்தது. போலி முத்தின் பூச்சு மழையில் உரிந்தது. பாய் கொடுத்த மரமணி ஊறி வெடித்தது. இப்போது கண்ணாடி, சுடுமண், செம்புக் கம்பி தவிர வேறெதையும் வெளியே தொங்கவிடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம்.

2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் சுமார் அரை மீட்டர் மழை கொட்டியது. ஊரார் ரேஷன் கார்டையும் டிவியையும் தூக்கிக்கொண்டு ஓட, அக்கா ஹார்லிக்ஸ் பாட்டில்களைப் பரணில் ஏற்றினார். தண்ணீர் வடிந்ததும் முறத்தோடு வந்து, "சேத்துல மணி ஏதாச்சும் ஒதுங்குச்சா?" என்று வீடு வீடாகக் கேட்டார். அதை மட்டும் தெரு இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போனால் காபி நன்றாகவே கிடைக்கும். கழுத்தில் இருப்பதைக் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டுப் போங்கள்.