வாடகை 3,111 ரூபாய்

கடலில் கால் நனைக்கலாம் என்று சொல்லிக் காரில் ஏற்றி, கல்வெட்டுக்கு எதிரே கொண்டுபோய் இறக்கிவிடும் கணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு அவர் பார்த்துவைத்த கடற்கரை தரங்கம்பாடி. மணலுக்கும் அலைக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் கடலுக்கு முன்னால் டேனிஷ் கோட்டை நிற்கிறது. அதைச் சுற்றிப் பார்க்காமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தோளில் துண்டும் கையில் பந்துமாகப் பிள்ளைகள், "கோயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டபடி என் மாமியார், புளியோதரைத் தூக்கோடு நான். இந்தப் படைதான் டான்ஸ்போர்க் கோட்டைக்குள் நுழைந்தது.

பள்ளிக்கூட வரலாற்றில் டேனியர்களின் மதிப்பு ஒரு மதிப்பெண். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எல்லோருக்கும் பக்கம் பக்கமாக இருக்கும். டேனியர்கள் என்றால் 1620, தரங்கம்பாடி, முடிந்தது. ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. முழுக் கதையையும் சொன்னால் வகுப்பை அடக்க முடியாது.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616-இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார். டச்சுக்காரனிடம் ஒன்று இருக்கிறது, ஆங்கிலேயனிடம் ஒன்று இருக்கிறது, நம்மிடமும் ஒன்று இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். கம்பெனி தயார். கிழக்கே எங்கே போவது, யாரிடம் வாங்குவது என்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மார்செலிஸ் டி போஷோவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனில் வந்து இறங்கினார். தான் இலங்கைச் சக்கரவர்த்தியின் தூதர் என்றார். போர்ச்சுகீசியரை அடித்து விரட்டக் கப்பலும் ஆளும் கொடுத்தால் இலங்கை வாணிபம் டென்மார்க்குக்கே என்றார். சொந்த வீடு, அரசாங்க உத்தியோகம், ஒரே பையன் என்று அடுக்கும் கல்யாணத் தரகர்கூட அவரிடம் பாடம் படிக்க வேண்டும். மன்னர் 1618-இல் ஒப்பந்தம் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடக் கடைசியில் கப்பல்கள் கிளம்பின. படைத் தலைவர் பெயர் ஓவே ஜெட்டே, வயது 23. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வரலாறு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. என் கணவர் முறைத்துப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். இலங்கை வந்து சேர ஒன்றரை வருடம் ஆயிற்று. கிளம்பியவர்களில் பாதிக்கு மேல் வழியிலேயே நோயில் போய்ச் சேர்ந்தார்கள். தரகர் போஷோவரும் அதில் அடக்கம். சம்பந்தம் பேசியவரே இல்லாமல் மிச்சப் பேர் கண்டி மன்னர் செனரத்திடம் போய் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். செனரத் அதை ஒப்புக்கொள்ள முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

"அப்பவே ஊருக்குத் திரும்பியிருக்கலாமே," என்றார் அத்தை.

"ஒன்றரை வருஷம் கப்பல்ல வந்தவன் வெறுங்கையோட போவானாம்மா?"

போகவில்லை. திருக்கோணமலையில் கொஞ்ச காலம் கோட்டை கட்டிப் பார்த்தார்கள். அது கைகூடவில்லை. இதற்கிடையே, முன்கூட்டியே அனுப்பிய ஒரு கப்பலில் ரோலண்ட் கிராப்பே என்பவர் வந்திருந்தார். அவரும் டச்சுக்காரர்தான், டேனியர்களின் இந்தக் கதையில் முக்கால்வாசி வேலையைச் செய்தவர்கள் டேனியர்களே இல்லை. காரைக்கால் பக்கம் போர்ச்சுகீசியர்கள் அந்தக் கப்பலை அடித்து மூழ்கடித்தார்கள். மாலுமிகள் இரண்டு பேரின் தலையைக் கழியில் குத்திக் கரையில் நட்டார்கள். அடுத்து வருபவர்களுக்கு அறிவிப்புப் பலகை. கிராப்பேயும் பதின்மூன்று பேரும் தப்பித்துத் தஞ்சாவூர் அரண்மனை வாசலில் போய் நின்றார்கள்.

உள்ளே இருந்தவர் ரகுநாத நாயக்கர். சங்கீதம், கவிதை, வீணை என்று இருந்தவர். கணக்கிலும் சோடை போகவில்லை. நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியன் ரொம்பத்தான் ஆடுகிறான், பக்கத்தில் இன்னொரு வெள்ளைக்காரனை உட்காரவைத்தால் இரண்டு பேரும் அடங்கி இருப்பார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் ஒரு கடிதமும் போனது. எழுதியது தமிழில், கையெழுத்து தெலுங்கில், படிக்க வேண்டியவருக்குத் தெரிந்தது டேனிஷ். இன்றைக்கும் அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. தரங்கம்பாடிக்கு ஆண்டு வாடகை 3,111 ரூபாய்.

"அட்வான்ஸ் எவ்வளவு?" என்றார் அத்தை. திருச்சியில் அவருக்கு இரண்டு வீடு வாடகைக்கு விட்ட அனுபவம் உண்டு.

அட்வான்ஸ் பற்றித் தகவல் இல்லை. வாடகைக்கு வந்தவர்கள் முதல் வேலையாகக் கோட்டை கட்டினார்கள். கீழே கிடங்கு, சமையற்கட்டு, சிறை. மேலே ஆளுநருக்கும் பாதிரியாருக்கும் அறைகள். ஹாம்லெட் நாடகம் நடக்கும் குரோன்போர்க் கோட்டைக்கு அடுத்தபடி டேனியர்கள் கட்டியதில் இதுதான் பெரியது என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். ஹாம்லெட் கோட்டையில் அப்பாவின் ஆவி வரும். இங்கே பிள்ளைகளுடைய அப்பாவே வந்து பேசிக்கொண்டிருந்தார்.

ஆரம்ப காலத்தில் இங்கே வேலை பார்த்தவர்களில் ஐஸ்லாந்துக்காரர் ஒருவரும் உண்டு. யோன் ஓலாஃப்சன் என்ற பீரங்கிக்காரர். பனிக்கட்டியில் பிறந்து வளர்ந்த மனிதர் தஞ்சை வெயிலில் வந்து நின்றதே பெரிது. 1624-இல் இங்கே வெடிமருந்து வெடித்துப் படுகாயம்பட்டு ஊர் திரும்பினார். பிறகு வயதான காலத்தில் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிட்டார். கம்பெனிக்கு இந்தியாவால் லாபமில்லை. அவருக்காவது ஒரு புத்தகம் கிடைத்தது.

இனி வருவது பாடப்புத்தகம் மறைத்த பகுதி. 1642-இல், கைவசம் இருந்த சொற்பக் கப்பல்களை வைத்துக்கொண்டு, வங்காளத்தில் இழந்த சரக்குக்கு ஈடு கிடைக்கவில்லை என்று சொல்லி, தரங்கம்பாடி டேனியர்கள் முகலாயப் பேரரசின் மீது போர் அறிவித்தார்கள். ஆமாம், ஷாஜகான் மீது. அப்போது ஆக்ராவில் அவருடைய தாஜ்மகால் வேலை நடந்துகொண்டிருந்தது. வங்கக் கடலில் கண்ணில் பட்ட முகலாயக் கப்பலைப் பிடிப்பது, சரக்கை விற்பது, வாடகை கட்டுவது: இதுதான் போர்த் திட்டம். இந்தச் சண்டை முடிவுக்கு வந்தது 1698-இல். ஷாஜகான் போய், அவுரங்கசீப்பும் கிழவராகிவிட்டிருந்தார்.

போர் அறிவித்த ஆளுநர் பெசார்ட்டின் நிர்வாகத்தை விசாரிக்க வில்லெம் லேயல் என்பவர் 1639-இல் கோபன்ஹேகனில் கப்பலேறினார். வந்து சேர்ந்தது 1643-இல். அப்படி வந்தவரையும் 1648-இல் அவருடைய ஆட்களே கலகம் செய்து கவிழ்த்தார்கள். அதற்குள் டென்மார்க்கில் மன்னரும் மாறினார், மனசும் மாறியது. 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையை பிராண்டன்பர்க் ஆட்சியாளருக்கு விற்கப் பார்த்தார்கள். அவரால் பணம் புரட்ட முடியவில்லை. பிறகு டென்மார்க் தரங்கம்பாடியைச் சுத்தமாக மறந்துவிட்டது. லேயல் வந்த கப்பலுக்கு அடுத்த கப்பல் 1668-இல்தான் அங்கிருந்து புறப்பட்டது. நடுவில் 29 வருடம்.

அந்தக் காலத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போய், 1655-இல் கோட்டையில் மிஞ்சிய டேனியர் ஒரே ஒருவர்: எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கெ. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண ஆள். சம்பளம் இல்லை, கடிதம் இல்லை, கடிதம் வந்திருந்தாலும் படித்திருக்க முடியாது. அவர் என்ன செய்தார்? கொடியை ஏற்றினார். உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கப்பல் பிடித்தார். நாயக்கருக்கு வாடகை கட்டினார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் டேனிஷ் கப்பல் ஒன்று வந்து நின்று, "தங்களை ஆளுநராக நியமித்திருக்கிறோம்" என்று உத்தரவைக் கொடுத்தது. பதினாலு வருடம் வேலை பார்த்த பிறகு பணி நியமன ஆணை. தற்காலிக ஊழியர்கள் அவர் படத்தை மாட்டி வைத்துக் கும்பிடலாம்.

இந்த இடத்தில் சின்னவன் பந்தோடு மெல்ல நழுவினான். பெரியவள் பின்தொடர்ந்தாள். தேவாலயம் இன்னும் பாக்கி இருந்ததால் இருவரும் ராஜா வீதியில் பிடிபட்டார்கள்.

ராஜா வீதியில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் ஃப்ரெடரிக்கின் முத்திரை கிரீடத்தோடு இருக்கிறது. இங்கே மதம் பரப்பப் பாதிரியார்களை அனுப்பியவர் அவர்தான். போக டேனியர் யாரும் அகப்படாமல், ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கையும் புளூட்சோவையும் பிடித்து அனுப்பினார். 1706 ஜூலையில் வந்து இறங்கியவர்களை இங்கிருந்த தளபதி ஹாசியஸ் வரவேற்கவில்லை. மன்னர் அனுப்பினால் என்ன, வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பது கம்பெனியின் கணக்கு. சீகன்பால்கு பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். சுவடி சேர்த்தார், அகராதி தொகுத்தார். 1708-இல் ஹாசியஸ் அவரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் நாலு மாதம் வைத்தார்.

ஊருக்குள் இப்படி என்றால், தாயகத்தில் அதைவிட. நம்முடைய தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். பிற மதத்தை ஒழிக்க அனுப்பினால் இவர் ஐரோப்பாவில் அதைப் பரப்பப் பார்க்கிறாரே என்று மேலிடம் கடுப்பானது. அந்த நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில்.

அச்சு இயந்திரம் வந்த கதை இன்னும் கூத்து. லண்டனிலிருந்து கிளம்பிய இயந்திரத்தைக் கப்பலோடு பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீட்டு அனுப்பினால், கூட வந்த அச்சுக்காரர் வழியில் இறந்துபோனார். கடைசியில் கோட்டைச் சிப்பாய்களில் அச்சு வேலை தெரிந்த ஒருவர் அகப்பட்டார். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பூசணிக்காய் பருமனில் இருந்ததால், இங்கேயே சின்னதாக வார்த்தார்கள். பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. "தமிழின் முதல் அச்சுப் புத்தகம்" என்று அருகில் நின்ற ஒருவர் தன் குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் விடுவாரா? "தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் தம்பிரான் வணக்கம், கொல்லம், 1578" என்று வலியப் போய்த் திருத்தினார். அந்தக் குடும்பம் வேகமாகக் கடல் பக்கம் போய்விட்டது. அவர்களுக்கு நாங்கள் செய்த உபகாரம்.

டேனியர்கள் மிளகுக்காக வந்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. யாரைச் சிறையில் போட்டார்களோ அவர் செய்த வேலைக்காகத்தான் இன்றைக்கு இந்த ஊர்ப் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. கம்பெனிகளின் தொலைநோக்கு அன்றும் அப்படித்தான்.

கடைசியாக அத்தையின் முறை. மாசிலாமணிநாதர் கோயில் 1306-ஆம் ஆண்டையது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். கோட்டையைவிட முந்நூறு வருடம் மூத்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அத்தை கும்பிட்டுவிட்டு, திண்ணை மாதிரி இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்து, "அப்புறம் அந்த டேனிஷ்காரன் என்ன ஆனான்?" என்றார்.

1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து சீராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். குடியேறப் போனவர்களையெல்லாம் காய்ச்சல் கொண்டுபோன நிக்கோபார் தீவுகளை மட்டும் அப்போது யாரும் வாங்கவில்லை. அதை 1868-இல் தள்ளிவிட்டார்கள்.

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "ஏன்டா, நாயக்கர் குடுத்தது வாடகைக்குத்தானே?"

"ஆமாம்மா."

"வாடகைக்கு இருந்தவன் எப்படிடா விற்பான்?"

இருநூற்று இருபத்தைந்து வருட ராஜதந்திரத்தை என் மாமியார் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார். கல்வெட்டு, ஆவணம் எல்லாம் கரைத்துக் குடித்த என் கணவர் பதில் தேடித் தொண்டையைச் செருமினார். தஞ்சை நாயக்கர் வம்சம் 1673-இலேயே முடிந்தது, பிறகு மராட்டியர் வந்தார்கள், அப்புறம் அந்த நாடும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்று இழுத்தார்.

"அதைச் சொல்லு. கேட்க ஆள் இல்லாத வீடு," என்று அத்தை எழுந்தார். அன்று மாலையே திருச்சிக்குப் போன் போட்டு, இரண்டு வீட்டுக் குடித்தனக்காரர்களிடமும் ஒப்பந்தப் பத்திரத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்.